ஆளைப் பார்த்து லினக்ஸ்: கொம்பியூட்டர் அதிகம் தெரியாத நண்பருக்கு மின்ட் போட்டுக் கொடுப்பது எப்படி?

"நேற்று இந்த லப்டொப்பிலை என்னென்ன செய்தனீங்கள்?"

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ், அதில் ஒரு வகைதான் மின்ட். ஆனால் லினக்ஸ் என்ற பேரை எடுக்கமுன்னர் நண்பரிடம் இதைக் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல ஒரு கொப்பித் தாளில் எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தத் தாள் பத்து வரியைத் தாண்டாது. யூடியூப், வட்ஸ்அப், கனடாவில் இருக்கிற மகளோடு வீடியோ கோல், வங்கிக் கணக்கு, பிள்ளையின் சூம் வகுப்பு, கிராம அலுவலருக்கு ஒரு கடிதம் ரைப் பண்ணிப் பிரிண்ட் எடுப்பது. இவ்வளவும் லினக்ஸில் நடக்கும், பெரும்பாலும் பிரவுசருக்குள்ளேயே. ஆனால் சிலர் கடைசியில் தயங்கித் தயங்கி இன்னொரு வரி சொல்லுவார்கள். அந்த வரிதான் முடிவைச் சொல்லும்.

கலியாண அல்பம் செய்யும் ஸ்டூடியோக்காரர் "ஃபோட்டோஷொப்" என்பார். அச்சகம் வைத்திருப்பவர் "பேஜ்மேக்கர்" என்பார். சோதிடம் பார்க்கும் ஐயா விண்டோஸில் மட்டும் ஓடும் சாதகக் கணிப்பு சொஃப்ட்வெயார் வைத்திருப்பார். பெடியன் வலோரன்ட் விளையாடுவான். இவர்களின் பிரதான மெசினில் கை வைக்கவேண்டாம். படம் திருத்தவும் பக்கம் அமைக்கவும் லினக்ஸில் உள்ள கிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் எல்லாம் நல்ல மென்பொருள்கள்தான். என்றாலும் பதினைந்து வருடமாக ஃபோட்டோஷொப்பில் பழகிய கைக்கு அவற்றைத் திணித்தால் ஒரு கிழமைக்குள் உங்களோடும் லினக்ஸோடும் கோபம். வலோரன்ட்டின் ஏமாற்றுத் தடுப்பு நிரல் விண்டோஸின் அடித்தளத்தில் இறங்கி வேலை செய்வது, ஆகவே அது லினக்ஸில் ஓடாது. வீட்டில் சும்மா கிடக்கிற இரண்டாவது லப்டொப்பில் போட்டுக் கொடுங்கள், அல்லது இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

மற்றவர்களுக்கு இது நல்ல காலம். விண்டோஸ் 10 இற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளருக்கு மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11 இற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசரும் வேண்டும். யாழ்ப்பாண வீடுகளில் இருக்கும் லப்டொப்களில் பலது வெளிநாட்டு உறவினர் பாவித்துவிட்டுக் கொண்டுவந்து தந்தவை. நாலாம், ஐந்தாம், ஆறாம் தலைமுறை. ஆணி ஒன்றும் கழரவில்லை, திரை நன்றாக இருக்கிறது, ஆனால் புது விண்டோஸ் ஏறாது. கிராக் போட்டு ஏற்றிய விண்டோஸும் பல மெசின்களில் உண்டு. அந்தக் கிராக்குகளில் பல, ஏறும்போதே வைரஸ் காவலை நிறுத்தச் சொல்லும். அப்படி நிறுத்திய மெசினில்தான் வீட்டுக்காரர் வங்கிக் கடவுச்சொல்லை அடிக்கிறார். இந்த ஆட்களுக்குத்தான் நாங்கள் முதலில் போய் உதவவேண்டும்.

என்ன சொல்லி அறிமுகப்படுத்துவது?

குறைவாகச் சொல்லுங்கள். கேர்னல், டிஸ்ட்ரோ, லைசென்ஸ் என்று தொடங்கினால் ஆள் தேத்தண்ணி போட எழும்பிவிடுவார். "உங்கடை அண்ட்ரொய்ட் ஃபோனுக்கு அடியிலை ஓடுறதும் லினக்ஸ்தான், அதின்ரை இன்னொரு சாதி இது" என்றால் போதும். இது உண்மையும்கூட, அண்ட்ரொய்ட் லினக்ஸின் மையக் கருவான கேர்னலின் மேல்தான் நிற்கிறது. சொஃப்ட்வெயார் ஏற்றுவதையும் ஃபோனை வைத்தே விளங்கப்படுத்தலாம்: பிளே ஸ்டோர் போல இதில் சொஃப்ட்வெயார் மனேஜர். கண்ட இணையத்தளத்திலும் செட்டப் கோப்பு இறக்கத் தேவையில்லை.

இரண்டு கேள்வி நிச்சயம் வரும். ஒன்று, "சும்மா தாறாங்கள் எண்டால் உள்ளுக்கை ஏதோ இருக்கு." நியாயமான சந்தேகம், மதித்துப் பதில் சொல்லவேண்டும். கேர்னலை எழுதும் பலருக்கு இன்டெல், ரெட் ஹற், கூகிள் போன்ற நிறுவனங்கள் சம்பளம் கொடுக்கின்றன, ஏனென்றால் அவர்களின் சேர்வர்களும் இதில்தான் ஓடுகின்றன. மின்ட் நன்கொடையிலும் ஆதரவாளர் பணத்திலும் நடக்கிறது. நிரலை யாரும் திறந்து படிக்கலாம், ஒளித்து வைப்பது கஷ்டம். எங்கள் நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் சகானாவைச் சொல்லுங்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின், காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்ய இலங்கைத் தொண்டர்கள் கூடி எழுதிய கட்டற்ற மென்பொருள் அது. பிறகு வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பாவித்தார்கள். ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் வாசிக்க நாங்கள் போகிற நூலகம் இணையத்தளம் மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளில் ஓடுகிறது. நண்பர் ஏற்கெனவே இதன் பலனை அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

மற்றக் கேள்வி, "அன்டிவைரஸ் வேண்டாமோ?" வீட்டுப் பாவனைக்குத் தேவையில்லை. ஆனால் போலி மின்னஞ்சலில் வரும் லிங்கை அமத்திக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது. இதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

பென்டிரைவ் தயாரித்தல்

எந்த லினக்ஸ் என்று நண்பரிடம் கேட்கவேண்டாம். நீங்களே முடிவெடுங்கள். விண்டோஸில் இருந்து வருபவருக்கு லினக்ஸ் மின்ட்தான் எங்கள் பரிந்துரை: கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் மணிக்கூடு, கண்ணுக்குப் பழகிய இடத்தில் எல்லாம் இருக்கும். 22 வரிசை மின்ட்டுக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் சினமன் பதிப்பு. 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி என்றால் மின்ட் ஏறும்தான். ஆனால் பிரவுசரில் மூன்று தாவல் திறந்ததும் திணறும். அப்படியான மெசினுக்கு ஒரு பழைய 4 ஜிபி ரேம் துண்டு தேடிப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்ற நண்பரிடம் காசு இருந்தால் ரேமைவிட அதற்கே முதலிடம். பத்து வருட லப்டொப் திறக்கும் நேரமே மாறிவிடும்.

மின்ட்டை நிறுவ வேண்டியதெல்லாம் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. இரவு டேட்டாவில் இறக்குங்கள். டொரன்ட்டில் இறக்குவது இன்னும் நல்லது: லைன் நடுவில் விழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், கோப்பும் தானாகச் சரிபார்க்கப்படும். நேரடியாக இறக்கினால், கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ 256 எண்ணை ஒப்பிட்டே ஆகவேண்டும். பென்டிரைவில் எழுத உதவும் ரூஃபஸ் என்ற சொஃப்ட்வெயாரில் ஐஎஸ்ஓவைத் தெரிந்தபின் பக்கத்தில் உள்ள சின்னச் சரி அடையாளத்தை அமத்தினால் அந்த எண் வரும். மின்ட் தளத்தில் உள்ளதோடு முதல் ஆறு எழுத்தையும் கடைசி ஆறு எழுத்தையும் பாருங்கள். "நிறுவும்போது பாதியில் நின்றுவிட்டது" என்று வரும் முறைப்பாடுகளில் பலதுக்கு உடைந்த ஐஎஸ்ஓ அல்லது பழுதான பென்டிரைவ்தான் காரணம்.

8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் உள்ளதெல்லாம் அழியும் என்பதால் நண்பரின் பென்டிரைவை வாங்காமல் உங்களுடையதைக் கொண்டுபோங்கள். ரூஃபஸ் அல்லது பலீனா எட்சரால் எழுதலாம். எட்சர் எழுதி முடிந்ததும் விண்டோஸ், "இந்த டிஸ்க்கை ஃபோமற் செய்யவேண்டும்" என்று ஒரு பெட்டியைக் காட்டலாம். லினக்ஸ் எழுதிய பகுதியை விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியாததால் வருவது அது. கான்சல் கொடுங்கள். அந்த இடத்தில் ஓகே அமத்திவிட்டு, பூட் ஆகவில்லை என்று தலையைச் சொறிந்தவர்கள் கனபேர்.

நிறுவமுன்னர் பாவிக்க விடுங்கள்

பென்டிரைவைச் செருகி, மெசினைத் திறந்தவுடன் பூட் மெனு விசையை அமத்தி அமத்தி விடுங்கள். டெல்லுக்கும் பெரும்பாலான லெனோவோவுக்கும் எஃப்12. எச்பிக்கு எஃப்9, அல்லது எஸ்கேப் அமத்தியபின் எஃப்9. அசூஸ் லப்டொப்புக்கு எஸ்கேப். ஏசருக்கும் எஃப்12தான், ஆனால் மெசினின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸுக்குள் போய் அந்த விசையை முதலில் இயக்கிவிடவேண்டியிருக்கும். அமத்த அமத்த விண்டோஸ் நேரே திறந்துகொண்டால், ஷிஃப்ட்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் நீலத் திரையில் "யூஸ் எ டிவைஸ்" தெரிவில் பென்டிரைவை எடுங்கள். மின்ட் தொடங்கும்போது திரை கறுத்து நின்றால் அது பெரும்பாலும் என்விடியா கிராஃபிக்ஸ் தகராறு. மறுபடி திறந்து, முதல் மெனுவில் "கொம்பாற்றிபிலிற்றி மோட்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். நிறுவியபின் டிரைவர் மனேஜரில் என்விடியா டிரைவரை ஏற்றலாம்.

டெஸ்க்டொப் வந்ததும் கதிரையில் இருந்து எழும்புங்கள். நண்பரை இருத்துங்கள். மவுஸ் அவர் கையில் இருக்கட்டும். யூடியூப்பில் அவருக்குப் பிடித்த பாட்டைத் தேடச் சொல்லுங்கள், வட்ஸ்அப் வெப்பைத் திறக்கச் சொல்லுங்கள். இங்கே ஒன்று: பென்டிரைவில் இருந்து ஓடுவதால் மெதுவாக இருக்கும், நிறுவியபின் வேகம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் "இது சிலோவப்பா" என்பதே அவர் மனதில் நின்றுவிடும்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வன்பொருளைச் சோதியுங்கள். வைஃபை, சத்தம், கமரா, மைக், திரை வெளிச்ச விசைகள், மூடியை மூடித் திறந்தால் தூங்கி எழும்புகிறதா என்பது. மெனுவில் "டிஸ்க்ஸ்" என்ற கருவியைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட் விபரத்தைப் பாருங்கள். "ரீஅலொகேற்றட் செக்டர்" எண்ணிக்கை ஏறியிருந்தால் டிஸ்க் சாகப் போகிறது. அதில் எந்த இயங்குதளத்தையும் போடவேண்டாம். பிறகு பழுதாகும்போது பழி லினக்ஸுக்குத்தான் வரும்.

வைஃபை வரவில்லையா? புரோட்கொம் சிப் உள்ள பழைய மெசின்களில் இது வழமை. ஃபோனை யூஎஸ்பி கேபிளால் செருகி, ஃபோனில் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் இணையம் வந்துவிடும். நிறுவியபின் டிரைவர் மனேஜரைத் திறந்தால் உரிய டிரைவரைத் தானே காட்டும். நல்ல கேபிள் ஒன்று உங்கள் பையில் எப்போதும் இருக்கட்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் டெதரிங் வேலை செய்யாது.

பிரிண்டரை மறக்கவேண்டாம். எச்பி பெரும்பாலும் செருகியவுடன் வேலை செய்யும், 1020, பி1102 போன்ற சின்ன லேசர்களுக்கு மட்டும் இணையத்தில் இருந்து ஒரு பிளகின் இறங்கும். எப்சன் எல் வரிசை மைத்தொட்டிப் பிரிண்டர்களுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு. கெனன் எல்பிபி 2900 இருக்கிற வீடென்றால் யோசியுங்கள். அதற்கான பழைய கப்ட் டிரைவர் புது லினக்ஸ்களில் மிகவும் மல்லுக்கட்டும். பிரிண்ட் எடுப்பதே அந்த வீட்டின் பிரதான தேவை என்றால் விண்டோஸைப் பக்கத்தில் விட்டு, இரண்டையும் வைத்துக் கொடுங்கள்.

பிரெஞ்சு, ஜேர்மன் விசைப்பலகை

இதற்குத் தனி இடம் கொடுக்கவேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாண வீடுகளில் பாரிசில் இருந்தும் ஜேர்மனி, சுவிசில் இருந்தும் வந்த லப்டொப்கள் நிறைய. பிரெஞ்சுப் பலகையில் கியூ இருக்கவேண்டிய இடத்தில் ஏ இருக்கும், டபிள்யூ இருக்கவேண்டிய இடத்தில் இசட் இருக்கும், எம் வேறு மூலையில் இருக்கும், இலக்கங்களுக்கு ஷிஃப்ட் பிடிக்கவேண்டும். ஜேர்மன் பலகையில் வையும் இசட்டும் இடம் மாறியிருக்கும். பென்டிரைவில் இருந்து திறந்த மின்ட், அமெரிக்கப் பலகை என்றே நினைத்துக்கொள்ளும். வைஃபை கடவுச்சொல்லைச் சரியாக அடித்தும் பிழை பிழை என்று சொன்னால் காரணம் இதுதான். பெட்டியில் உள்ள கண் அடையாளத்தை அமத்தி, என்ன எழுத்து விழுகிறது என்று பாருங்கள்.

நிறுவும்போது பலகையைக் கேட்கும். நண்பர் விசையில் அச்சிட்டதைப் பார்த்து அடிப்பவரென்றால், அச்சில் உள்ளதையே தெரியுங்கள். ஆங்கில ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அமெரிக்கப் பலகை. கீழே சோதனைப் பெட்டி இருக்கும். அதில் கியூ, டபிள்யூ, வை, இசட், எம், பிறகு 1 முதல் 0 வரை அடித்துப் பார்த்துவிட்டே அடுத்த பக்கம் போங்கள். பிழையான பலகையில் கடவுச்சொல்லை வைத்து, பிறகு பலகையை மாற்றினால், நுழைவுத் திரையில் சொந்த மெசினே உள்ளே விடாது. முன்னெச்சரிக்கையாக, இடம் மாறாத எழுத்துகளைக்கொண்டே கடவுச்சொல்லை அமையுங்கள்.

நிறுவும் நாள்

முதல் வேலை கோப்புகளைக் கொப்பி எடுப்பது. டெஸ்க்டொப், டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ், பிறகு டி டிரைவ். எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு எடுத்து, அதில் நாலைந்து படங்களைத் திறந்தும் பாருங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் போய்விடக்கூடாது. கூகிள் கணக்கில் ஒத்திசைத்திருக்கிறாரா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். செத்த வீட்டுப் படமும் சாமத்திய வீட்டுப் படமும் திரும்ப எடுக்க முடியாதவை. இந்தக் கட்டத்தில் அவசரப்படுகிறவர் இந்த வேலைக்குப் போகவே கூடாது.

விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் மின்ட் போடுவதென்றால் இன்னும் சில வேலை இருக்கிறது. டிஸ்க்கைச் சாவி போட்டுப் பூட்டும் பிட்லொக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். இயங்கினால் 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருந்து எடுத்துத் தாளில் எழுதியபின், என்கிரிப்ஷனை நிறுத்தி, முழுதாக அவிழும் மட்டும் காத்திருங்கள். பயோஸில் செக்கியூர் பூட்டைத் தொட்டவுடனேயே விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அதை நிறுத்தாவிட்டால் ஷட்டவுன் கொடுத்த விண்டோஸ் உண்மையில் அரைத் தூக்கத்தில் கிடக்கும், அதன் டிஸ்க்கை மின்ட்டில் திறந்தால் வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது. பிறகு டிஸ்க் மனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபியாவது வெற்றிடம் விடுங்கள்.

சார்ஜரைச் செருகி, பற்றரியிலும் பாதியாவது இருக்கட்டும். டெஸ்க்டொப் மெசினென்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவேண்டாம். டிஸ்க்கைப் பகுதி பிரித்து எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் இரண்டு இயங்குதளமும் போய்விடலாம். நிறுவியில், வீடியோவும் பாட்டும் ஓட வேண்டிய மல்ரிமீடியா கோடெக்கை ஏற்றும் பெட்டியில் சரி போடுங்கள், நேர வலயத்துக்குக் கொழும்பு, பயனர் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில். நிறுவிக்கு ஹார்ட் டிஸ்க்கே தெரியவில்லையென்றால் பெரும்பாலும் பயோஸில் அது இன்டெல்லின் ரெய்ட் அல்லது விஎம்டி முறையில் இருக்கிறது. விண்டோஸ் வேண்டாத மெசினில் அதை ஏஎச்சிஐ ஆக மாற்றலாம். விண்டோஸ் வேண்டிய மெசினில் அப்படியே மாற்றினால் விண்டோஸ் திறக்காது, சேஃப் மோட் வழியாகப் போகவேண்டும். முதன்முதல் செய்பவர் அந்த மெசினை அனுபவமுள்ள ஒருவரோடு சேர்ந்து செய்யட்டும். எஸ்எஸ்டி உள்ள மெசினில் வேலை அரை மணித்தியாலத்துக்குள் முடியும்.

இரண்டும் உள்ள மெசினில் மணிக்கூடு ஐந்தரை மணித்தியாலம் பிசகும். பழுது ஒன்றுமில்லை. மதர்போர்டில் உள்ள மணிக்கூட்டை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று வாசிக்கிறது, லினக்ஸ் உலக நேரம் என்று வாசிக்கிறது. இலங்கை நேரம் உலக நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது, அந்த வித்தியாசம்தான். மின்ட்டில் ரேர்மினல் என்ற கட்டளைத் திரையைத் திறந்து timedatectl set-local-rtc 1 என்று அடித்தால் இரண்டும் ஒத்துப்போகும். சில விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் மின்ட் மெனு காணாமற் போகலாம்; பயோஸின் பூட் ஒழுங்கில் "உபுண்டு" என்ற பேரை மேலே கொண்டுவந்தால் திரும்ப வரும். மின்ட் அந்தப் பேரில்தான் பதிந்திருக்கும்.

தமிழும் பாமினியும்

இங்கே ஒருவரின் லப்டொப்பைத் திறந்தால் பாமினியில் ரைப் பண்ணிய கோப்பு ஒன்றாவது இருக்கும். கோயில் கணக்கறிக்கை, பாடசாலை வினாத்தாள், அந்தியேட்டி அழைப்பு. மின்ட்டில் அதைத் திறந்தால் தமிழ் எழுத்தே இல்லாமல் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும், மெய்யெழுத்தின் குற்று இருக்கவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். நண்பர் முகம் கறுத்துவிடும். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பாமினி, எல்லா மெசினிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்து முறையான யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போர்த்திய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத மெசினில் போர்வை விலகி அடியில் உள்ளது தெரிகிறது. விண்டோஸின் ஃபொன்ட்ஸ் கோப்புறையில் இருந்து பாமினியைக் கொப்பி எடுத்து, மின்ட்டில் இரட்டைச் சொடுக்குச் செய்து இன்ஸ்டோல் கொடுங்கள். லிப்ரேஒஃபிஸை மூடித் திறந்தால் எல்லாம் பழையபடி. இந்த வேலையை நண்பர் பழைய கோப்பைத் திறக்கமுன்னர் செய்துவிடுங்கள்.

புதிதாக ரைப் பண்ணுவதற்கு யுனிகோட்டுக்குக் கொண்டுவாருங்கள். சொஃப்ட்வெயார் மனேஜரில், தமிழ் ரைப் பண்ண உதவும் ஐபஸ் (ibus), ஐபஸ்-எம்17என் (ibus-m17n) இரண்டையும் ஏற்றி, இன்புட் மெதட் பகுதியில் ஐபஸைத் தெரிந்து, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால், ஐபஸ் விருப்பங்களில் தமிழின் கீழ் பல பலகைகள் வரும். பாமினிக்குப் பழகிய கைக்கு ரெங்கநாதன். தட்டச்சு வழியில் வந்த இலங்கை நியமப் பலகை அது, சில எழுத்துகள்தான் இடம் மாறியிருக்கும். ஃபோனில் "அம்மா" என்பதை ஆங்கில ஒலியில் அடிப்பவருக்கு ஃபொனெற்றிக். புதிதாகப் பழகுகிற பிள்ளைக்குத் தமிழ் 99. ஒன்றை மட்டும் வைத்து மற்றவற்றை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விசை தவறிப் பட்டு பலகை மாறிக் குழம்பும்.

மெனுக்களைத் தமிழில் வைக்கலாமா என்று ஆசையாகத்தான் இருக்கும். மொழிபெயர்ப்பு எல்லாத் திரையிலும் முழுமையில்லை. பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று வரும். ஆங்கில மெனுவுக்குக் கண் பழகியவருக்கு அப்படியே விடுங்கள். ஆங்கிலமே வாசிக்காத பெரியவருக்குத் தமிழில் வைத்துக் காட்டி, அவரையே தெரிய விடுங்கள்.

லிப்ரேஒஃபிஸில் இரண்டு மாற்றம் கட்டாயம். சேமிக்கும் வடிவத்தை வேர்டின் டொக்எக்ஸ் ஆக்குங்கள்: டூல்ஸ், ஒப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல். இல்லாவிட்டால் நண்பர் அனுப்பும் கோப்பு மற்ற ஆளின் ஃபோனில் திறக்கவில்லை என்று அன்றிரவே உங்களுக்குக் கோல் வரும். யூசர் இன்ரர்ஃபேஸை "டாப்ட்" ஆக மாற்றினால் வேர்ட்டைப் போலவே பட்டை தெரியும். ஏரியல், டைம்ஸ் நியூ ரோமனுக்கு அதே அகலமுள்ள லிபரேஷன் எழுத்துருக்கள் பதிலாக நிற்கும், ஆனால் விண்டோஸின் லதா எழுத்துருவில் அமைத்த தமிழ்க் கோப்பின் பக்கங்கள் கொஞ்சம் கூடிக் குறையும். வினாத்தாள் அச்சிடும் ஆசிரியருக்கு இதைச் சொல்லி, மற்றவருக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக அனுப்பப் பழக்குங்கள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுக்கிற பிள்ளை இருக்கிற வீடென்றால் ரேர்மினலைத் திறந்து பைதன் ஏற்கெனவே உள்ளே இருப்பதைக் காட்டுங்கள். அந்தப் பாடத்துக்கு வேண்டிய மொழி அதுதான்.

முதல் மாதம்

நிறுவிக் கொடுத்துவிட்டுக் காணாமற் போகிறவராக இருந்தால் தொடங்காமல் விடுவது மேல். மூன்று முறை போகவேண்டும்: மறுநாள், ஒரு கிழமையில், ஒரு மாதத்தில். முதல் தரம் போகும்போது டவுன்லோட்ஸில் இரண்டு மூன்று டொட் இஎக்ஸ்இ கோப்பு கிடக்கும். ஏசவேண்டாம். எதை ஏற்றப் பார்த்தார் என்று கேட்டு, சொஃப்ட்வெயார் மனேஜரில் அதையோ அதற்கு ஈடானதையோ எடுத்துக் கொடுங்கள்.

இயங்குதளத்தின் பிரதியை எடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட்டை முதல் நாளே இயக்கி, கிழமைக்கு ஒன்றாக இரண்டு மூன்று பிரதி வைக்கச் சொல்லுங்கள். ஒரு அப்டேட் எதையாவது குழப்பினால் கடைசிப் பிரதி எடுத்த நிலைக்குத் திரும்பலாம். அது இயங்குதளத்தைத்தான் காக்கும், படங்களையும் கடிதங்களையும் அல்ல. அவற்றுக்கு வெளி டிஸ்க் தனியே வேண்டும். அப்டேட் மனேஜரின் விருப்பங்களில் தானியங்கி அப்டேட்டைப் போடுங்கள். டேட்டா குறைந்த வீடென்றால் அதைப் போடாமல், வைஃபை உள்ள இடத்தில் கிழமைக்கு ஒருமுறை கையால் செய்யப் பழக்குங்கள். முதல் அப்டேட் பல நூறு எம்பி வரும் என்பதால் அதை நீங்கள் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இறக்கம் மெதுவென்றால் சொஃப்ட்வெயார் சோர்சஸில் மிரர் (அதே கோப்புகளைத் தரும் வேறு சேர்வர்கள்) பட்டியலைத் திறந்து காத்திருங்கள், வேகத்தின் ஒழுங்கில் அடுக்கிக் காட்டும்.

தொலைவில் இருந்து உதவ ரஸ்ட்டெஸ்க் ஏற்றிவிடுங்கள், அதுவும் திறந்த மூல மென்பொருள். ரொறன்ரோவில் இருக்கிற மகன் சாவகச்சேரியில் இருக்கிற அம்மாவின் திரையைப் பார்த்துச் சரிசெய்யலாம். கடவுச்சொல்லை அம்மா சொன்னால்தான் திறக்கும்படி வையுங்கள்.

லப்டொப்பின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: "இதில் லினக்ஸ் மின்ட் இருக்கிறது. ஃபோமற் செய்யவேண்டாம். முதலில் இந்த எண்ணுக்கு எடுக்கவும்." கீழே உங்கள் ஃபோன் எண். சார்ஜர் முனை திருத்தக் கடைக்குப் போன மெசின், யாரும் கேட்காமலே விண்டோஸோடு திரும்பி வருவது வழமையாக நடப்பது. கோப்புகளும் அதோடு போய்விடும்.

நாலைந்து பேர் சேர்ந்தால் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம். ஒருவருக்கு மூன்று மெசினுக்கு மேல் பொறுப்பெடுக்கவேண்டாம். நாலு பென்டிரைவ், ஒரு ரெறாபைட் வெளி டிஸ்க், நீள வயர் பலகை, ஒரு யூஎஸ்பி மவுஸ், யூஎஸ்பி வைஃபை குச்சி ஒன்று. கொப்பி எடுக்காத மெசினில் நிறுவலைத் தொடங்குவதில்லை என்பதைக் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். நிறுவுவதற்கு இணையம் தேவையில்லை, பென்டிரைவே போதும். கோடெக்குக்கும் அப்டேட்டுக்கும்தான் வேண்டும்.

ஒரு மாதம் கழித்து "எனக்குச் சரிவரேல்லை, பழசையே போட்டுத் தாங்கோ" என்று ஒருவர் சொன்னால், முகம் கோணாமல் போட்டுக் கொடுங்கள். விண்டோஸ் 8 இற்குப் பின் விண்டோஸோடு விற்ற பெரும்பாலான லப்டொப்களில் உரிமச் சாவி மதர்போர்டிலேயே இருக்கிறது. மைக்ரோசொஃப்ட் தளத்தில் இருந்து நேரடியாக எடுத்த விண்டோஸை அந்த மெசினுக்குரிய அதே பதிப்பில் நிறுவினால், இணையம் வந்ததும் தானே இயங்கிவிடும், கிராக் தேவையில்லை. மின்ட்டில் இருந்த ஹோம் கோப்புறையை வெளி டிஸ்க்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள், டொக்எக்ஸ் கோப்புகள் அப்படியே திறக்கும். லிப்ரேஒஃபிஸையும் ஃபயர்ஃபொக்ஸையும் விஎல்சியையும் அந்த விண்டோஸிலேயே ஏற்றிவிட்டு வாருங்கள்.